சந்தனம் வைத்த சர்வர்

எனக்குப் பயம் வந்தால் முதலில் ஆங்கிலம் வரும். வியர்வை அதற்குப் பிறகுதான். இருபது வருடத்துக்கு மேலாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைக்கிறேன். வாடிக்கையாளர்களில் கொஞ்சம் விவரமானவர்கள் என் இந்த வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்வரை நிம்மதியாக டீ குடிப்பார்கள். "ஆக்சுவலி" என்று ஆரம்பித்தால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அந்த விஜயதசமி காலையில் எத்தனை ஆக்சுவலி சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒன்றையாவது விழுங்கிவிட்டு உண்மையைத் தமிழில் சொல்லியிருந்தால் ஓர் அம்மாவுக்கு வேலை போயிருக்காது.

அது நடுத்தரமான ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி. கட்டிங்குக்கும் பேக்கிங்குக்கும் நடுவே, முன்பு பட்டன் மூட்டைகள் போட்டு வைத்திருந்த சின்ன அறையில் அவர்களுடைய சர்வர் இருந்தது. சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரும்புப் பீரோவின் லாக்கரைப் பிடுங்கி நிறுத்தி வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. எந்த அட்டைப்பெட்டியில் எத்தனை உருப்படி, என்ன சைஸ், எந்த நாட்டுக்கு என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கும். பெட்டி மேல் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கரும் அதைக் கேட்டுத்தான் அச்சாகும். ஸ்டிக்கர் இல்லாத பெட்டியைத் தூத்துக்குடி லாரியில் ஏற்ற முடியாது.

அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். இலவசம், வைரஸ் வராது என்று முதலாளியிடம் இரண்டு காரணம் சொன்னேன். சொல்லாத மூன்றாவது காரணம், அந்த வட்டாரத்தில் அதைப் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், எனவே என்னை யாரும் மாற்ற முடியாது என்பது. அந்த மெஷின் எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று காட்டும் ஒரு கட்டளை உண்டு. போகும்போதெல்லாம் மேனேஜரை அழைத்து அதைத் தட்டிக் காட்டுவேன். ஐந்நூறு நாள் தாண்டிய அன்று அவருக்கு ஒரு பப்ஸும் வாங்கிக் கொடுத்தேன். என் பிள்ளை வாங்கிய மார்க்கைக்கூட நான் அப்படிக் காட்டிக்கொண்டு திரிந்ததில்லை. பிள்ளை வாங்கியிருந்தால் காட்டியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் எல்லா மெஷினும் அணைந்திருக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைத்தால் பூஜை சேராது என்பார். போன வருடம் நான் கெஞ்சிக் கூத்தாடி, சர்வரை ஓடவிட்டே அதன் நெற்றியில் நானே ஒரு பொட்டு வைத்துவிட்டேன். இந்த வருடம் பூஜை அன்று நான் ஊத்துக்குளியில் மச்சான் வீட்டு விருந்தில் இருந்தேன். தட்டில் நெய் உருகிக்கொண்டிருந்தபோது மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"சர்வரையும் அமத்தச் சொல்றாருங்க மொதலாளி. அமத்தலாமுங்களா?"

"தாராளமா அமத்துங்க. லினக்ஸுங்க அது. தானா எந்திரிச்சுக்கும்" என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அது எழுந்திரிக்கவில்லை என்று போன் வந்தது.

அங்கே வழக்கம் என்னவென்றால், விஜயதசமி அன்று நல்ல நேரத்துக்குள் ஒரு பெட்டியையாவது ஸ்டிக்கர் ஒட்டி மூடி, கற்பூரம் காட்டி லாரியில் ஏற்ற வேண்டும். அது ஏறிவிட்டால் வருடம் முழுக்க ஏறும். அன்று நல்ல நேரம் பதினொன்றரை வரை. நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். பேக்கிங்கில் நாற்பது பேர் புதுத் துணி உடுத்திக்கொண்டு கையைக் கட்டி நின்றார்கள். மூடாத பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக இருந்தன. என் வாயும் அதே மாதிரிதான் இருந்திருக்கும்.

சர்வரைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நெற்றியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், இரண்டு பக்கமும் சாமந்தி. கறுப்புப் பெட்டி முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. விசிறி ஓடியது, திரை வந்தது, மெஷின் நன்றாகவே கிளம்பியிருந்தது. ஆனால் கம்பெனியில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்கும் அது இருப்பதே தெரியவில்லை. ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறான், வீட்டு எண் பலகையைக் காணோம் என்கிற நிலைமை.

மேனேஜர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சுங்க என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடியில் என் கண் சந்தனத்தில் விழுந்தது.

"ஆக்சுவலி, மாய்ஸ்சருங்க. தண்ணி உள்ள போயிருக்கும். யாரு தொடச்சாங்க?"

இப்படிச் சொல்வதற்கு முன் நான் ஒரு கேபிளைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

துடைத்தது துப்புரவு வேலை பார்க்கும் அம்மா. தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஐம்பது வயது இருக்கும். கம்பெனிக்குப் பின்னால், வேலையாட்களுக்காகக் கம்பெனியே வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் ஓர் அறையில் மகளோடு இருந்தார். மகள் பிளஸ் டூ. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். வேலை இருக்கும்வரை அறை, வேலை போனால் அன்று சாயங்காலமே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். லைன் வீடுகளின் சட்டம் அது. கழுத்தில் சிலுவை போட்டிருப்பார், நெற்றியில் பொட்டு இருக்காது. ஆனால் ஆயுத பூஜைக்கு அத்தனை தையல் மெஷினையும் துடைத்துப் பொட்டு வைப்பது வருடா வருடம் அவர்தான். மற்றவர்கள் வைத்தால் வழிந்து கோரமாக இருக்கும் என்று முதலாளியே அவரை வைக்கச் சொல்வார். சர்வருக்கு வைத்தது இந்த வருடம்தான் முதல் தடவை.

மேனேஜருக்கு அது போதும். இத்தனை நாள் அந்தம்மிணி தொடவில்லை, மெஷினும் கெடவில்லை. நேற்றுத் தொட்டது, இன்று கெட்டுவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார். பழுது பார்க்கிறவன் ஒருவன் அந்த இடத்தில் சிரித்திருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

முதலாளி வந்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. எங்கள் பக்கத்து மரியாதையில் ஒரு வசதி உண்டு. கழுத்தை அறுக்கும்போதும் கூட ஒரு 'ங்க' போட்டுக்கொள்ளலாம். அந்த அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். கையில் துடைப்பத்தோடு வந்து கதவோரம் நின்றார்.

"ஏனுங் அம்மிணி, ஈரத்துணி போட்டுத் தொடச்சீங்களா?"

"இல்ல சார். காஞ்ச பனியன் வேஸ்ட்டு வச்சுத்தான் தொடச்சேன். பொட்டு மட்டும் மூடி மேல வச்சேன்."

"சந்தனத்துல தண்ணி இல்லீங்களா?"

"கட்டியாத்தான் சார் குழைச்சேன். நாலு வருசமா நான்தான வைக்கேன்."

"வெக்கறது பெரிசில்லீங்க. சாமி மேல நம்பிக்கை வெச்சு வெக்கோணும்" என்றார் முதலாளி. பேக்கிங்கிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா கழுத்தில் இருந்ததைச் சேலைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை எழுதியாக வேண்டும். என் மேல் விழாமல் பழி வேறு எங்கே விழுந்தாலும் எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

யாரால் கெட்டது என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும், அந்த ஆள் சாயங்காலம் இந்தக் காம்பவுண்டுக்குள் இருக்கக் கூடாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு முதலாளி பூஜைத் தட்டின் பக்கம் போனார். என்னைப் பார்த்து, பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்க தம்பி என்றார். அவரைவிட ஏழெட்டு வயதுதான் நான் சின்னவன். தம்பி என்று அவர் சொன்னால் எனக்கு ஆங்கிலம் வந்துவிடும்.

கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. தண்ணீர் போயிருந்தால் முதலில் பஞ்சு நனைந்து ஒட்டியிருக்கும். இந்த ஊரில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு இருக்கும். இதிலும் ஒன்றரை வருடப் பஞ்சு, ஊதினால் பறக்கிற பக்குவத்தில், ஒரு கை படாமல் இருந்தது. அந்த அம்மா உள்ளே ஒரு காற்றைக்கூட விட்டிருக்கவில்லை. பார்த்தேன். மூடியை மறுபடி போட்டு, நாலு திருகாணியையும் இறுக்கமாக முடுக்கினேன். வழக்கமாக இரண்டுதான் போடுவேன்.

பிறகு நான் செய்ததை எல்லாம் என் மாதிரி வேலை பார்க்கிறவர்கள் யாரும் படிக்காமல் இருந்தால் நல்லது. முதலில் கேபிளை மாற்றினேன். பிறகு மாற்றிய கேபிளை மாற்றினேன். எல்லாக் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியை அணைத்துப் போட்டேன். அதுவரை ஒழுங்காக இன்டர்நெட்டாவது பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ்காரர்கள் அதுவும் போய்விட்டது என்று வந்து நின்றார்கள். சர்வரின் நெட்வொர்க் கார்டில் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கார்டு உயிரோடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பயந்தவனுக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். மெஷினை அணைத்து, மூடியை மறுபடி கழற்றி, கார்டைப் பிடுங்கி, என் பையில் இருந்த புதுக் கார்டைச் செருகினேன். அதிலும் பச்சை விளக்கு எரிந்தது. அதுவும் வேலை செய்யவில்லை.

லினக்ஸில் ஒரு குணம் உண்டு. கார்டை மாற்றினால் அதற்குப் பெயரையும் மாற்றிவிடும். பழைய கார்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று பதில் வரும். ஆக அரை மணி நேரத்தில், ஒரு கோளாறோடு இருந்த மெஷினை இரண்டு கோளாறுள்ள மெஷினாக ஆக்கியிருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இடையில் ஒரு தடவை கதவைத் திறந்து மேனேஜர் எட்டிப் பார்த்தபோது, "ஆக்சுவலி, டிரைவர் லெவல் இஷ்யூ, லேயர் டூவில்" என்று ஆரம்பித்து நாலு வரி பேசினேன். அதில் எனக்கே பாதி புரியவில்லை. அவர் மிகுந்த மரியாதையோடு கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கதவு சரியாகச் சாத்தாததால் பக்கத்து அறையில் நடப்பது கேட்டது. மேனேஜர் அந்த அம்மாவை உட்கார வைத்து, தானாக வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களாக அனுப்பினால் பெயர் கெட்டுவிடும், வேறு எங்கும் சேர்க்க மாட்டார்கள், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று விளக்கினார். அந்த அம்மா மகளுடைய பரீட்சையைச் சொன்னார். பங்குனி வரைக்கும் அறையை மட்டுமாவது விடச் சொல்லிக் கேட்டார். வேலை இல்லாதவர்களுக்கு அறை கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து படுத்துக்கொள்ளும் என்றார் மேனேஜர். அந்த அம்மா திரும்பத் திரும்ப, தண்ணிங்க ஊத்தவே இல்ல என்று, எங்கள் ஊர் 'ங்க'வைத் தப்பான இடத்தில் ஒட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் அதற்கு முன் 'ங்க' போட்டு நான் கேட்டதில்லை.

செய்வதற்கு ஒன்றும் இல்லாதவன் என்ன செய்வான்? நான் இதுவரை இந்த மெஷினில் என்னவெல்லாம் தட்டியிருக்கிறேன் என்ற பழைய பட்டியலைத் திறந்தேன். நாம் அடித்த கட்டளைகளை எல்லாம் லினக்ஸ் வரிசையாகக் குறித்து வைத்திருக்கும். கொஞ்சம் மேலே தள்ளியதும் அது கிடைத்தது.

போன வருடம் சித்திரையில் ஒரு கோடை இடி. மெஷினோடு சேர்ந்தே வந்த நெட்வொர்க் இணைப்பு அன்று கருகிவிட்டது. அவசரமாகத் தனிக் கார்டு ஒன்றைப் போட்டேன். கார்டுக்கு ஒரு முகவரி எண் கொடுக்க வேண்டும். அதை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். கட்டளையாகத் தட்டினால் மெஷின் ஓடுகிறவரை நினைவில் வைத்திருக்கும், அணைத்தால் மறந்துவிடும். கோப்பில் எழுதி வைத்தால் எப்போது எழுந்தாலும் அதைப் படித்துக்கொள்ளும். நான் தட்டிவிட்டு, வேலை செய்கிறது என்றதும், நாளைக்கு வந்து கோப்பில் எழுதலாம் என்று கிளம்பிவிட்டேன். அந்த நாளை ஒன்றரை வருடமாக வரவில்லை. மெஷினும் அணையவே இல்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஐந்நூறு நாள் என்று நான் கூப்பிட்டுக் காட்டிய பெருமையெல்லாம் என் சோம்பேறித்தனம் பிடிபடாமல் தப்பித்த நாட்களின் எண்ணிக்கை.

நேற்று முதல் தடவையாக அணைத்தார்கள். நான்தான் போனில் தாராளமாக அணைக்கச் சொன்னேன்.

மணி பதினொன்று பத்து. எழுந்து நாலு அடி நடந்து, பக்கத்துக் கதவைத் தட்டி, என் தப்புங்க என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இந்தக் கம்பெனியில் என் வேலை போகும். முதலாளியின் மைத்துனர்கள் இரண்டு பேருக்குக் கம்பெனி இருக்கிறது, அங்கேயும் போகும். அந்த அம்மாவுக்கு இன்னொரு துடைப்பம் எங்கேயும் கிடைக்கும், எனக்கு இன்னொரு பெயர் கிடைக்காது என்று எனக்கு நானே வாதாடினேன். எதிர்த்தரப்பில் யாரும் இல்லாததால் சுலபமாக ஜெயித்தேன்.

கட்டளையைத் தட்டினேன். புதுக் கார்டின் பெயர், பழைய முகவரி, ஒரே வரி. பேக்கிங்கில் பிரின்டர் கர்ரென்று இழுத்து ஸ்டிக்கரைத் துப்பியது. நாற்பது பேரும் கை தட்டினார்கள். கற்பூரம் காட்டி முதல் பெட்டியை லாரியில் ஏற்றினார்கள். முதலாளி எனக்குப் பொரியும் கடலையும் ஒரு சாத்துக்குடியும் கொடுத்து, என்ன கோளாறுங் தம்பி என்று கேட்டார்.

"ஆக்சுவலி, கார்டு போச்சுங்க. ஈரம். புதுசு போட்டிருக்கறேன்."

ஈரத்தில் செத்துப்போன அந்தக் கார்டு இன்றுவரை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது.

வெளியே வந்து பையைக் கட்டும்போது அந்த அம்மா வந்து கதவோரம் நின்றார். கையில் துடைப்பம் இல்லை. மெஷின் சரியாகிவிட்டதா என்று முதலில் கேட்டார். ஆகிவிட்டது என்றேன். நிஜமாகவே அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு சொன்னார்:

"சார், நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாவ. மெஷினு பாக்கவரு நீங்கதான. பிள்ளைக்குப் பரீட்ச முடியட்டும்னு சொல்லுங்க சார்."

சொல்கிறேன் அம்மா என்றேன். சொல்லத்தான் மேனேஜர் அறைக்குப் போனேன். போகும்போது உண்மையை வேண்டாம், சிபாரிசையாவது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். உள்ளே நுழைந்ததும் அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வந்தா கேப்பாங்க. மெஷின் எதனால கெட்டுச்சுன்னு நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுத்துப்போடுங்க. உங்க எழுத்துன்னா மதிப்புங்க."

ஒன்றரை வருடமாக ஒரு வரி எழுதச் சோம்பல்பட்டவன், உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதினேன். முதலில் தமிழில், பிறகு கீழே ஆங்கிலத்தில். ஈரப்பதத்தால் நெட்வொர்க் பாகம் செயலிழந்தது, பயிற்சி இல்லாத பணியாளர் மின்சாதனத்தைச் சுத்தம் செய்ததே காரணம், இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்தி பிரித்து, கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்தேன். சீல் எப்போதும் பையில் இருக்கும். எழுத்து நன்றாக வந்திருந்தது. மேனேஜர் படித்துவிட்டு, வக்கீல் மாதிரி எழுதியிருக்கீங்க என்றார். நான் கூச்சத்தோடு சிரித்தேன். சிபாரிசு அந்தத் தாளின் அடியில் நசுங்கிப்போனது.

கிளம்புவதற்கு முன் சர்வர் அறைக்குள் போய்க் கோப்பில் அந்த வரியை எழுதினேன். சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் பதினைந்து விநாடியில் நெட்வொர்க் வந்தது. சந்தனம் காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. அதைத் துடைத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன், துடைக்கவில்லை. சாட்சியத்தை அழிக்கிற மாதிரி தோன்றியது.

நான் வண்டியை எடுக்கும்போது லைன் வீட்டு வாசலில் ஒரு பாயும், இரண்டு பிளாஸ்டிக் குடமும், ஒரு பள்ளிக்கூடப் பையும் வெளியே வந்திருந்தன. மறுபக்கம் கொஞ்சம் சுற்றுதான், ஆனாலும் அந்த வாசலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டே போனேன்.

இரண்டு மாதம் கழித்து, அவிநாசி பக்கத்தில் வேறொரு கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்று கூப்பிட்டார்கள். மேஜைக்கு அடியில் குனிந்து எழுந்தபோது அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கும்பிட்டார். மகள் இரண்டு பஸ் மாறி அதே பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், காலையில் ஐந்தரைக்கே கிளம்ப வேண்டியிருக்கிறது என்றார். நல்லா இருக்கீங்களா சார் என்று கேட்டார்.

அங்கே சூப்பர்வைசர் ஒரு பெண். நீங்க சொல்லியாவது பாருங்க என்று என்னிடம் முறையிட்டார். பிசிறு நூலை உறிஞ்சி எடுக்கிற மெஷினில் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கிற வேலை, சம்பளமும் மேலே. இந்தம்மாவுக்கு முட்டி வலி வேறு. கொடுத்தால் மாட்டேன் என்கிறது. கக்கூஸ் கழுவுகிறேன், ஆனால் கரண்டு மெஷின் பக்கம் என்னை விடாதீர்கள் என்று காலில் விழாத குறையாகச் சொல்கிறது என்றார்.

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "என் கை ராசி அப்படி சார். தொட்டா கெட்டுரும். ஒரு தடவ பட்டது போதும்."

அன்று எனக்கு ஆங்கிலம் வரவில்லை. சூப்பர்வைசர் நகரும்வரை காத்திருந்து சொன்னேன். அன்று மெஷின் கெட்டது உங்களால் இல்லை, தண்ணீரும் போகவில்லை, சந்தனமும் ஒன்றும் செய்யவில்லை, நான் எழுத வேண்டிய ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தேன், பயத்தில் உங்கள் மேல் போட்டுவிட்டேன் என்றேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, அணைத்தால் எப்படி மறந்துபோகும் என்பதைக்கூட விளக்கினேன். வேண்டுமானால் பழைய கம்பெனியில் பேசுகிறேன், திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையைத் தொடப்போய், நான் அப்போது பிடித்திருந்தது கம்ப்யூட்டரின் ஒயர் என்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"எம்மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுதீங்க. இப்படிச் சொல்ல யாருக்கு சார் மனசு வரும்? நீங்க எழுதுனத மேனேஜர் சார் அன்னைக்கே வாசிச்சுக் காட்டிட்டாவ. ஒரு கடுஞ்சொல்லு இல்ல அதுல. பயிற்சி இல்லாத ஆளுன்னுதான் போட்டிருந்தீங்க. படிச்சவங்க எழுதுனா பொய்யா இருக்குமா சார்?"

இல்லை அம்மா, நான் எழுதியதுதான் பொய் என்றேன். அவர் மறுபடியும் கும்பிட்டார். பெரிய மனசு சார் உங்களுக்கு என்றார்.

அதற்குள் சூப்பர்வைசர் திரும்பி வந்து, ஒத்துக்கொண்டதா என்று கேட்டார். இல்லீங்க என்றேன். அந்தக் காலி இடத்துக்கு அன்று மத்தியானமே வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.

அந்த அம்மா துடைப்பத்தை எடுத்தார். அறையின் மூலையிலிருந்து பஞ்சைக் கூட்டிக்கொண்டே வந்தார். என் நாற்காலிக்கு அருகில் வந்ததும், காலைக் கொஞ்சம் தூக்கிக்கிடுங்க சார் என்றார். தூக்கினேன். எனக்கு அடியில் சுத்தமாகக் கூட்டினார். கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றி மட்டும் ஒரு முழம் விட்டு, வளைத்துக்கொண்டு போனார்.